எதிலும் சேராத பெயர்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, கோயில் முகப்பில் மாட்டியிருந்த டிவியில் மிக்கேல் செத்துப்போயிருந்தார்.

அன்றைய பூசை யாருக்காக, என்ன வேண்டி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்பதை அந்த டிவி ஒவ்வொரு அட்டையாகக் காட்டும். பிறந்தநாள் நன்றிக்குப் பூப்போட்ட அட்டை. நோயாளிக்கு மெழுகுவர்த்தி. இறந்தவர்களுக்குக் கறுப்புச் சிலுவை. சிலுவை போட்ட அட்டைகளுக்கு நடுவே ஒன்று வந்து நின்றது. 'கருவடிக்குப்பம் மிக்கேல் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுபவர்: மனைவி பெர்னதெத்.'

லூர்துசெல்வி அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண் "ஐயோ, மிக்கேலண்ணனா?" என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு அட்டை எட்டு விநாடி நிற்கும். எட்டு விநாடிதான் என்று முடிவு செய்தவளும் அவள்தான். அந்த எட்டு விநாடிக்குள்ளேயே இது யார் செய்த வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி நடந்தாள்.

மிக்கேலைத் தெரியாதவர் அந்தப் பங்கில், அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், கிடையாது. எலக்ட்ரீஷியன். கிறிஸ்துமஸ் குடிலுக்கு லைட் போடுபவரும் அவர்தான், மைக் கரகரத்தால் நடுப்பூசையில் எழுந்து போய் ஒயரைத் திருகுபவரும் அவர்தான். அந்த டிவியைச் சுவரில் மாட்டியதும் அவரே. நெஞ்சில் அடைப்பு என்று கண்டுபிடித்து, வருகிற புதன்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். செவ்வாய் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஆகவே செத்துவிட்டார் என்று டிவி சொன்னதை நம்புவது யாருக்கும் கஷ்டமாக இல்லை. பத்து மணிக்குள் இரண்டு பேர் மாலையோடு கருவடிக்குப்பத்துக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தவர் மிக்கேல். கைலியோடு, கையில் இட்லித் தட்டோடு நின்றாராம்.

பதினோரு மணிக்குப் பங்கு அலுவலகத்திலிருந்து ஜெர்ரி செல்விக்குப் போன் செய்தான். கோயில் வெப்சைட் பற்றி எது என்றாலும் அவளிடம்தான் அவன் பேசுவான்.

"செல்வி, இன்னா இது? அந்த அம்மா போன்ல அழுவுது. யாரு போட்டது சிலுவைய?"

"யாரும் போடலண்ணா," என்றாள் செல்வி. நாக்கு அவளுக்கு முன்னால் ஓடியது. "சர்வர்ல ஏதோ ஆயிருக்கு. தானா வந்துடுச்சி. நான் எடுத்துட்டேன்."

"தானா வந்துடுச்சா?"

"ஆமாண்ணா."

"சரி, அப்படியே சொல்லிடறேன்," என்று அவன் வைத்துவிட்டான்.

செல்வி வேலை பார்ப்பது சாரம் என்ற பகுதியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில். நான்கு மேசை, ஒரு ஃபேன், வெப்சைட் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம். நடத்துவது சிவசங்கரி. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு உழவர்கரை வீட்டில் உட்கார்ந்திருந்த செல்வியை, பெயர் விலாசங்களை டைப் அடிக்க என்றுதான் அவள் சேர்த்துக்கொண்டாள். மற்றவர்கள் செய்வதை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, போனில் வீடியோ பார்த்து, இரண்டு வருடத்தில் செல்வி தானும் எழுத ஆரம்பித்தாள். யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். கேட்டால் படிப்பு எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும் என்று பயம். தெரியாதவர் அங்கே யாரும் இல்லை என்றாலும் அந்தப் பயம் போகவில்லை.

கோயில் வெப்சைட்டில் அந்தப் பூசை அட்டைதான் அவள் தனியாகச் செய்த முதல் வேலை. இப்போதெல்லாம் ஒரு பக்கத்தை ஒட்டுமொத்தமாக எழுதுவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி அடுக்குகிறார்கள். காம்பொனென்ட் என்று பெயர். பூசை அட்டையும் அப்படி ஒரு துண்டு. துண்டு ஒன்றுதான், ஆனால் உள்ளே வருகிற கருத்து, அதாவது எதற்காகப் பூசை வேண்டுகிறார்கள் என்பது, எந்த வகை என்று பார்த்து அது தன் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நன்றியா, பூவைக் காட்டு. நோயாளியா, மெழுகுவர்த்தியைக் காட்டு.

இதைச் சாதாரணமாக, வரிக்கு ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டுப் போகலாம். செல்விக்கு அது சின்னப் பிள்ளை எழுதுவது மாதிரி தோன்றியது. வீடியோவில் ஒருவன் கேள்விக்குறியும் கோலனும் மட்டும் வைத்து, ஒரு நிபந்தனையின் வயிற்றுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று ஒரே மூச்சில் எழுதியதை அவள் பார்த்திருந்தாள். இது உண்டா, கேள்விக்குறி, இதைக் காட்டு, கோலன், இல்லாவிட்டால் அது உண்டா, மறுபடி கேள்விக்குறி. அவளும் அப்படியே எழுதினாள். இறந்தவரா, நன்றியா என்பதோடு விடாமல், முதலாம் ஆண்டா, குடும்பமாக வேண்டுவதா, பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்களா என்பதையும் உள்ளே திணித்தாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கோலன் மிச்சம் இருந்தது. பங்கில் வருகிற கருத்துகளில் முக்கால்வாசி இறந்தவர்களுக்குத்தான், ஆகவே எதிலும் சேராதது எல்லாம் சிலுவை அட்டை என்று அதில் வைத்தாள். ஒரு நிபந்தனையை மிச்சம் பிடித்தோம் என்று அப்போது பெருமையாகக் கூட இருந்தது.

அடுத்த மேசை ராஜ்கமல், அங்கே ஆறு வருடமாக இருப்பவன், அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இன்னாம்மா, ஜடை பின்னி வெச்சிருக்கே. அவுத்துடு. நாளைக்கு ஒரு வகை சேக்கணும்னா எங்க கைய வெக்கிறது?"

"ஓடுது இல்லண்ணா?"

"ஓடுது. நாம படிக்கணுமே."

"எனக்குப் புரியுது," என்றாள் செல்வி. ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவள் பேசியதில் சிவசங்கரியே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "உனக்கு வயசாயிடுச்சி ராஜு," என்றாள். ராஜ்கமலும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். அன்று முழுக்கச் செல்வி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

போன வெள்ளிக்கிழமைதான் ஜெர்ரி புதிதாக ஒரு வகை சேர்க்கச் சொன்னான். 'அறுவை சிகிச்சை நலமாக அமைய.' நிறையப் பேர் கேட்கிறார்களாம். ஜனங்கள் போனில் நிரப்புகிற படிவத்தில் அதைச் சேர்க்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அட்டையைத் திறந்தாள். நான்கு மாதத்துக்கு முன் தான் எழுதியதை ஸ்கிரீனில் விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது கேள்விக்குறிக்கு உரிய கோலன் எது என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஐந்தாவதில் தவறிப்போனது. எங்கேயோ ஓர் இடத்தில் கையை வைத்தால் முதலாம் ஆண்டு நினைவு அட்டையில் பூ வந்து நின்றது. பயந்துபோய்ப் பழையபடி ஆக்கினாள்.

ராஜ்கமல் இரண்டு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். அண்ணா, இது எனக்கே புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"புதுசு அட்டையிலயும் வருதா? பாத்தியா?" என்று அவன் கிளம்பும்போது கேட்டான்.

"பாத்துட்டேன்ணா."

திங்கட்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம், இரண்டு நாளில் யார் அந்த வகையைத் தேடிப் போட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்தாள். சனிக்கிழமை மத்தியானமே பெர்னதெத் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஜெர்ரி மறுபடி போன் செய்தான். இந்தமுறை சிவசங்கரிக்கு. அவள் டீயை வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, பெரிய வம்பாப் போச்சி. அந்த அம்மா ஆபரேஷனே வேணாங்குது. நாளைக்குக் காலைல சேரணும். கட்டி வெச்ச பையப் பிரிச்சி துணியெல்லாம் மறுபடி பீரோல வெச்சிடுச்சாம். சாமியாரு போயி ஒரு மணி நேரம் பேசிப் பாத்துட்டாரு."

"எதுக்கு வேணாங்குறாங்க? தப்பா வந்துடுச்சின்னு சொன்னீங்க இல்ல?"

"சொன்னேன். அதுதான் வெனையாப் போச்சி. யாரும் எழுதல, தானா வந்துதுன்னு சொன்னேன். எந்த மனுசனும் எழுதலன்னா அப்ப யாரு எழுதனது, நான் நலமா வரணும்னு கேட்டதுக்குக் கோயில்லயே பதில் வந்துடுச்சேன்னு என்னையே கேக்குது. நான் இன்னாக்கா சொல்றது?"

"தானா வந்துதுன்னு யாரு சொன்னா?"

"செல்விதான் சொல்லுச்சி."

சிவசங்கரி செல்வியைப் பார்க்காமல், "நான் கூப்புடறேன் ஜெர்ரி," என்று போனை வைத்தாள். ராஜ்கமல் அதற்குள் அந்த அட்டையைத் திறந்துவிட்டிருந்தான். அவன் எதுவும் கேட்பதற்குள் செல்வி எழுந்து நின்றாள். வகுப்பில் பதில் தெரியாமல் எழுந்து நிற்பது போலவே கைகள் தாவணி முனையைத் தேடின. சுடிதாரில் முனை கிடைக்கவில்லை.

"நான்தான்க்கா. புதுசா சேத்ததுக்கு அட்டையில எடமே வெக்கல. எதுலயும் சேராம கடைசிக்குப் போயி சிலுவை வந்துடுச்சி. பாத்துட்டேன்னு அண்ணன்கிட்ட பொய் சொன்னேன். ஜெர்ரியண்ணன்கிட்டயும் பொய்தான்."

சிவசங்கரி கத்தியிருந்தால் தேவலை.

"நேத்தே சொல்லியிருந்தா ஒரு அட்டை தப்பு," என்றாள் அவள். "இப்ப ஒரு ஆளோட நெஞ்சு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. ராஜ்கமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "நான் சரி பண்ணிடவா?"

"நானே பண்றேன்ணா. பண்ணிட்டு அவங்க வூட்டுக்குப் போறேன்."

"நானும் வரட்டா?"

"வேணாண்ணா."

அந்த அம்மாவிடம் எதைக் காட்டுவது என்று யோசித்து, முதலில் பழைய அட்டையை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தாள். 'இறந்தவர் என்றால், முதலாம் ஆண்டு என்றால், குடும்பமாக இல்லாவிட்டால், இல்லாவிட்டால்' என்று நான்காவது வரிக்கே தாளின் ஓரம் தீர்ந்துவிட்டது. எழுதியதைத் திரும்பப் படித்தாள். தன் பாஷையிலேயே அதற்கு ஓர் அர்த்தமும் வரவில்லை. காதுமடல் சுட்டது. இதைத்தான் புரிகிறது என்று நான்கு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். வரிக்கு ஒரு நிபந்தனை. நன்றி என்றால் பூ அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றுவிடு. நோயாளி என்றால் மெழுகுவர்த்தி அட்டை, நின்றுவிடு. அறுவை சிகிச்சை என்றால் அதற்கும் மெழுகுவர்த்தி, நின்றுவிடு. ஒன்றுக்குள் ஒன்று கிடையாது. முதலாம் ஆண்டு, குடும்பம் எல்லாம் தனித்தனிச் சின்னத் துண்டுகளாகப் போயின. இறந்தவர் என்று படிவத்தில் ஒருவர் தன் கையால் குறித்திருந்தால் மட்டுமே சிலுவை. கடைசி வரியில், எதிலும் சேராவிட்டால் பெயரை மட்டும் காட்டு, படம் எதுவும் வேண்டாம் என்று எழுதினாள். முன்னைவிட நீளமாக இருந்தது. சின்னப் பிள்ளை எழுதியது மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயரைப் போட்டு, ஒவ்வொரு அட்டையாக ஸ்கிரீனில் வரவைத்துப் பார்த்தாள். பிறகு இதையும் ஒரு தாளில் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழில் எழுதினாள்.

ராஜ்கமல் பின்னால் நின்று மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தான். எதையும் கேட்கவில்லை. "ம்," என்றான். அவ்வளவு சுலபமாக அது முடிந்தது அவளை இன்னும் குன்ற வைத்தது.

கருவடிக்குப்பத்தில் அவள் இறங்கியபோது மணி ஐந்தரை. மிக்கேலின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மிக்கேல், எதிரே கட்டிலில் பெர்னதெத். கட்டிலுக்குக் கீழே ஒரு பயணப் பை, ஜிப் திறந்து, காலியாகக் கிடந்தது.

"யாரும்மா? மாலை கொண்டாந்தியா?" என்றார் மிக்கேல். "நேத்தே ரெண்டு வந்துடுச்சி. ஒண்ண மாதா படத்துக்குப் போட்டேன். இன்னொண்ணு வாடுது."

"சும்மா இருங்க," என்றாள் பெர்னதெத். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"நான் லூர்துசெல்வி, ஆன்ட்டி. உழவர்கரை. கோயில் வெப்சைட் பண்ற ஆபீஸ்ல இருக்கேன்." நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. "அந்த அட்டை தானா வரல. நான் எழுதனது தப்பு. என் தப்புலதான் அப்படி வந்துச்சி. ஜெர்ரியண்ணன்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

பெர்னதெத் அவளையே பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது.

"சாமியாரு சொல்லி அனுப்பிச்சாரா?"

"இல்ல ஆன்ட்டி."

"என் மனசு தேறட்டும்னு இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

செல்வி பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்து நீட்டினாள். "இது நான் மொதல்ல எழுதனது. இது இன்னிக்கு எழுதனது."

பெர்னதெத் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பழைய தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓரத்தில் செல்வி எழுதிப் பாதியில் விட்டிருந்த தமிழை உதட்டை அசைத்துப் படித்தாள். "இல்லாவிட்டால், இல்லாவிட்டால்னு போகுது. இன்னா இல்லாவிட்டால்?"

"எனக்கே தெரியல ஆன்ட்டி."

"நீ எழுதனதுதானே?"

"ஆமா."

மிக்கேல் நாற்காலியை முன்னால் இழுத்துக் கழுத்தை நீட்டினார். "ஒரே பைப்புல எல்லா ஒயரையும் சொருகிட்டு இருக்கே. நாங்க இப்படிப் பண்ணா அடிப்பாங்க."

பெர்னதெத் இரண்டாவது தாளை எடுத்தாள். அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழ் முழுசாக இருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தாள். "நன்றி என்றால் பூ. நோயாளி என்றால் மெழுகுவர்த்தி. அறுவை சிகிச்சை என்றால்..." விரல் நின்றது. "இவரு இதுலயா வருவாரு?"

"இதுலதான் ஆன்ட்டி. மொதத் தாள்ல இந்த வரியே கெடயாது. அதான் எங்கயும் நிக்காம கடைசிக்குப் போயிட்டாரு. கடைசியில நான் சிலுவைய வெச்சிருந்தேன்."

"நான் தப்பா அழுத்தலயா?"

செல்விக்கு முதலில் அது புரியவில்லை. "இன்னா ஆன்ட்டி?"

"போன்ல நான்தானே போட்டேன். கண்ணாடி போடாம போட்டேன்." பெர்னதெத் வலது கையை விரித்து மடியில் வைத்திருந்தாள். "நேத்துலேர்ந்து இந்த வெரலையே பாத்துக்கிட்டு இருக்கேன். சாமி எழுதியிருக்கணும், இல்லன்னா நான் என் கையால இவருக்கு அத அழுத்தியிருக்கணும். ரெண்டுல ஒண்ணுன்னு."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தன் மானத்தைப் பற்றி மட்டுமே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் இந்த ஹாலில் வந்து இந்த அம்மாவின் விரலில் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

"நீங்க சரியாத்தான் அழுத்தனீங்க," என்றாள். "சரியா வந்தத நான்தான்..."

"இத மொதல்லயே இப்படி எழுதறதுக்கு இன்னா?" பெர்னதெத்தின் குரல் ஏறியது. "எனக்கே புரியுதே. இதுல இன்னா கஷ்டம் உனக்கு?"

"இப்படி எழுதனா ஒண்ணுந் தெரியாதவன்னு நெனப்பாங்கன்னு..."

"யாரு?"

பெர்னதெத் புதிய தாளை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பழையதைத் திருப்பிக் கொடுத்தாள். மன்னித்துவிட்டேன் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"நாளைக்கு அந்தோணியார் நவநாள். கும்பல் வரும்," என்றாள். "என்கிட்ட வந்து சொன்னது சரி. கேக்கற ஒவ்வொருத்தருக்கும் நான் ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு பதில் சொல்ல முடியாது. நீ அந்த டிவிகிட்ட நில்லு. நின்னு சொல்லு."

"சொல்றேன் ஆன்ட்டி."

"எத்தினி பேரு கேட்டாலும்."

"சரி ஆன்ட்டி."

பெர்னதெத் எழுந்து பீரோவைத் திறந்தாள். இரண்டு கைலி, ஒரு துண்டு, மடித்த போர்வை. ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்துப் போட்டாள். மிக்கேல் குனிந்து பையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். செல்வி வாசலுக்கு வந்தபோது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பாப்பா. டிவிக்குப் பின்னால ஸ்விட்சு கொஞ்சம் லூசா இருக்கு. சாஞ்சிடாத. ஆஃப் ஆயிடும்."

செவ்வாய்க்கிழமை மாலை கோயில் முகப்பில் நிற்க இடமில்லை. மெழுகுவர்த்தி விற்கிறவர்கள், நேர்ச்சை ரொட்டி வாங்குகிறவர்கள், குழந்தைகள். செல்வி டிவிக்குக் கீழே, சுவரில் படாமல் நின்றாள். நின்றதுமே ஒருவர் வந்துவிட்டார்.

"மிக்கேலு போயிட்டாருன்னாங்களே?"

"இல்லைங்க. காலைல ஆஸ்பத்திரியில சேந்துட்டாரு. நாளைக்கு ஆபரேஷன். நான் எழுதனதுல தப்பு, அதனாலதான் அப்படி வந்துச்சி."

"நீ எழுதனதா?"

"ஆமாங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்து இரண்டு பெண்கள். அதற்கடுத்து, ஞாயிற்றுக்கிழமை மிக்கேல் வீட்டுக்கு மாலையோடு போன ஒருவர். அவர் சத்தமாகவே கேட்டார், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி அதே வார்த்தைகளைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் முகம் முதல் தடவை போலவே சுட்டது. ஆறாவது ஆளிடம் சொல்லும்போது ராஜ்கமல் கும்பலின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்தாள். சாரத்திலிருந்து வந்திருக்கிறான். கிட்டே வரவில்லை, கையையும் ஆட்டவில்லை. டிவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. அட்டை மாறியது. மெழுகுவர்த்தி, அதன் பக்கத்தில் எழுத்து: 'கருவடிக்குப்பம் மிக்கேல் அவர்களுக்கு அறுவை சிகிச்சை நலமாக அமைய. வேண்டுபவர்: மனைவி பெர்னதெத்.'

செல்வி எட்டு விநாடியையும் எண்ணினாள். அட்டை மாறியதும் யாரோ தோளைத் தொட்டார்கள்.

"ஏம்மா, மிக்கேலு செத்துட்டாருன்னு டிவியில போட்டாங்களாமே, யாரு போட்டது?"

"நான்தான்," என்று அவள் ஆரம்பித்தாள்.